சிரிக்கப் போகும் சபை

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)





விழாக் குழுவினர் எனக்குத் தந்த தலைப்பு “நகைச்சுவையும் நமது சமூகமும்” என்பதாகும். தலைப்பைத் தந்துவிட்டு, “ஐயா, சபை சிரிக்கும்படி பேசுங்கள்” என்றும் கேட்டுக்கொண்டார்கள். நகைச்சுவையைப் பற்றிப் பேசுபவன் சிரிக்க வைப்பான் என்று நம்புவது, நெல் விலையைப் பற்றிப் பேசுபவன் சோறு போடுவான் என்று நம்புவது போலாகும். ஆதலின் அந்த ஆசையை இப்பொழுதே கைவிட்டுவிடுங்கள்.

இவ்வாண்டு நிகழ்ச்சி நிரலில் நகைச்சுவை நிகழ்ச்சி வேண்டுமா, வேண்டாமா என்று செயற்குழுவில் இரண்டு கூட்டங்கள் விவாதம் நடந்ததை நான் அறிவேன். “கோயில் வீதியில் பகிடிக் கூத்து வேண்டாம், சென்ற ஆண்டு பட்டது போதும்” என்றனர் பெரியோர். “அது இல்லாவிட்டால் சனம் வராது” என்றனர் இளைஞர். இரு சாராரும் தனித்தனியே என்னிடம் வந்து தம் பக்கம் பேசும்படி கேட்டனர். இரு சாராரும் மேடையில் நிற்பவனைப் பற்றியே பேசினர். பாயில் இருப்பவனைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் இன்று அவனைப் பற்றியே பேசப் போகிறேன்.

நம்மூரார் கேட்கப் போவதில் பெயர் பெற்றவர்கள். நிலவு நாளிலே கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பை நீரில் விட்டு, அதன் மறுமுனையைக் காதில் வைத்து மீன் பாடுகிறதா என்று கேட்டவர்கள் அல்லவா நாம்? மீன் பாடுவதைக் கேட்க அவ்வளவு தூரம் போனவர்களுக்கு, மனிதன் பகிடி சொல்வதைக் கேட்க ஊர் விட்டு ஊர் போவது புதிய பழக்கம் அன்று. கூத்து நடக்கும் ஊருக்குப் பாயும் வெற்றிலைப் பெட்டியும் எடுத்துக்கொண்டு, வாவியைக் கடந்து, வரம்பு வழியே நடந்து போனவர்கள் நமது தாய் தந்தையர். விடியும் வரை இருந்து பார்த்தார்கள். கர்ணன் மாண்டபோது அழுதார்கள்; கட்டியக்காரன் வாய் திறந்தபோது சிரித்தார்கள். மகிடிக் கூத்தில் மந்திரக்காரர் இரு கட்சியாகப் பிரிந்து போட்டியிடும்போது, ஊரே இரு கட்சியாகிச் சிரித்தது.

நமது வட்டக்களரியின் அமைப்பை இளைஞர்கள் கவனித்திருக்கிறீர்களா? நடுவே ஆடுகளம், சுற்றிவரச் சபை. படம் பிடித்த மேடை போல ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதற்கு அல்ல அது. ஆடுபவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு முகம் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். பகிடி பொருந்தியதா, பொருந்தவில்லையா என்பது அந்த முகத்தில் தெரியும். அண்ணாவியார் மத்தளம் அடித்தபடியே அம்முகங்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் வேறோர் ஊரில் ஆடும்போது, சபை முகம் சுளித்த இடம் கூத்தில் இராது. நகைச்சுவையை ஆடுபவன் பாதி செய்கிறான், சபை பாதி செய்கிறது என்று நான் சொல்வது இதனாலேதான்.

கோயிலுக்கும் பகிடிக்கும் என்ன உறவு என்று கேட்கும் பெரியோர்க்கு ஒரு வார்த்தை. நாம் வைகாசியில் குளிர்த்தி செய்யும் கண்ணகை அம்மன் விழாவை எண்ணுங்கள். கொம்பு விளையாட்டிலே ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரிந்து, ஒரு சேரியை மற்றச் சேரி ஏசிப் பாடியது அம்மன் பேரால் அல்லவா? அந்தக் கண்ணகிக்குக் கோயில் எடுத்த சேரன் செங்குட்டுவன் முன்னிலையில், பறையூர்க் கூத்தச் சாக்கையன் ஆடினான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. சாக்கையர் பெயரைத் தாங்கிய கூத்து இன்றும் கேரளத்துக் கோயில்களில் உண்டு. சாக்கையார் தனி ஒருவராக அரங்கில் நிற்பார். பின்னே மிழாவு என்னும் முழவை நம்பியார் ஒருவர் முழக்குவார். சாக்கையார் புராணக் கதையைச் சொல்லுவார். சொல்லிக்கொண்டே சபையில் இருப்போரைக் கதையில் வரும் பாத்திரமாக்கிக் கேலி செய்வார். எதிரே அரசன் இருந்தாலும் விலக்கு இல்லை. கேலிக்கு ஆளானவர் எழுந்து மறுமொழி சொல்லக் கூடாது என்பது மரபு. இன்று சென்னையிலும் கொழும்பிலும் ரொறன்ரோவிலும் சீட்டு வாங்கிப் போய்ப் பார்க்கிறார்களே, ஒருவர் ஒலிவாங்கியுடன் தனியே நின்று பேசும் ‘ஸ்டாண்ட் அப்’ நகைச்சுவை, அது மேனாட்டிலிருந்து நேற்று வந்த சரக்கு என்று எண்ண வேண்டாம். அதன் மூத்த உறவினர் கோயில் மண்டபத்திலே இருக்கிறார்.

சாக்கையாரைப் பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலே குஞ்சன் நம்பியார் என்பவர் மிழாவு முழக்கும்போது சற்றுக் கண்ணயர்ந்தாராம். சாக்கையார் சபை நடுவே அவரைக் கேலி செய்தாராம். மறுநாள் நம்பியார் துள்ளல் என்ற புதிய ஆட்டத்தை அமைத்து, அதே கோயிலில் ஆடிச் சபை முழுவதையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டாராம். கேலிக்கு ஆளானவர் கலையாலே பதில் சொன்னார். இக்கதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பதில் சொல்ல வாய் இருந்தது.

நிற்க. இனி என் கதைக்கு வருகிறேன். இதை நான் எந்த மேடையிலும் இதுவரை சொன்னதில்லை.

1970களில் நான் வாவிக் கரையில் உள்ள எங்கள் கிராமத்திலே வாலிபன். அக்காலத்தில் வானொலியில் கோமாளிகளின் குரலைக் கேட்டு நாடு முழுவதும் சிரித்தது. மரிக்காரும் அப்புக்குட்டியும் உபாலியும் ஐயரும் ஆளுக்கொரு விதமாகத் தமிழ் பேசியதைக் கேட்டு, எங்களைப் போன்ற வாலிபர் எல்லாம் பிறர் குரலில் பேசிப் பழகினோம். 1976 இல் ‘கோமாளிகள்’ படமாகவும் வந்தது. எனக்கும் பிறர் போலப் பேசும் வரம் கொஞ்சம் இருந்தது. ஒரு திருவிழா இரவில், பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் என்னைத் தனியே மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

முதலில் ஊர் விதானையாரைப் போலப் பேசினேன். சபை சிரித்தது, விதானையாரும் சிரித்தார். பிறகு எங்கள் வாத்தியாரைப் போலப் பேசினேன். சிரிப்பு இன்னும் கூடியது. சிரிப்பு என்பது கள்ளைப் போல்வது. குடித்தவனுக்குத் தாகம் தீருவதில்லை. அடுத்து யாரைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன். எங்கள் துறையில் தோணி விடும் ஒருவர் சபை ஓரத்தில் நின்றார். அவருக்குப் பேச்சுத் திக்கும். ஒவ்வொரு நாளும் எங்களை ஏற்றும்போது, “ஏ… ஏ… ஏறுங்க” என்று அவர் அழைப்பதை ஊரில் அறியாதவர் இல்லை. நான் அவரைப் போலக் கம்பு ஊன்றி, அவரைப் போலத் திக்கினேன்.

அன்று எழுந்த சிரிப்பு போல என் வாழ்நாளில் வேறு எதற்கும் நான் கேட்டதில்லை. பாயில் இருந்தவர்கள் உருண்டார்கள். ஆனால் முன்வரிசையில் இருந்த என் பெத்தா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அடுத்த பேச்சு மறந்து போயிற்று. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

மறுநாட் காலை நாங்கள் சிலர் அக்கரைக்குப் போகத் துறைக்குச் சென்றோம். தோணிக்காரர் நின்றார். வழக்கம் போல அழைக்கவில்லை. ஏறும்படி கையால் காட்டினார். அக்கரையில் இறங்கும்படியும் கையாலேயே காட்டினார். காசு வாங்கும்போதும் வாய் திறக்கவில்லை. தோணியில் இருந்தவர் யாவரும் முதல் நாள் இரவு சிரித்தவர்களே. தண்ணீரில் கம்பு விழும் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை.

வீட்டுக்கு வந்து பெத்தாவிடம் சொன்னேன். அவள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை வைத்துவிட்டுச் சொன்னாள்: “அவன்ட வாயை எடுத்து நீ பேசிப்போட்டாய் மனே. இனி அவன் எதால பேசுவான்?”

மாதம் ஒன்று சென்றபின் அவர் மற்றவர்களோடு பழையபடி பேசத் தொடங்கினார். என்னோடு மட்டும் அவர் காலம் முடியும் வரை பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். தலையை அசைத்தார், அவ்வளவுதான்.

அதன் பின் பல ஆண்டுகள், எந்தச் சங்கத்திலே இருந்தாலும் பகிடி நிகழ்ச்சிக்கு எதிராகக் கை உயர்த்தியவன் நான். ஆகவே இன்று “வேண்டாம்” என்று சொல்லும் பெரியோரே, உங்கள் கட்சியில் நான் பழைய உறுப்பினன். அக்கட்சியை விட்டு ஏன் விலகினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் நமது கரையை என்ன செய்தது என்பதை நான் இங்கே விரிக்க வேண்டியதில்லை. சில மாதங்களின் பின், தற்காலிகக் குடிசைகளில் மக்கள் இருந்த ஓர் இடத்தில் ஒரு சிறு கூட்டம் நடந்தது. ஒரு வாலிபன் எழுந்து தனியே நடித்தான். நிவாரண வரிசையில் நிற்பவனும் அவனே. மேசைக்கு அப்பால் இருக்கும் உத்தியோகத்தரும் அவனே.

“அடையாள அட்டை எங்கே?”

“கடல் கொண்டு போயிற்று ஐயா.”

“அப்படியானால் கடலிடம் ஒரு கடிதம் வாங்கி வா. மூன்று பிரதி வேண்டும்.”

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் வீட்டையும் வீட்டில் இருந்தவர்களையும் இழந்தவர். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “மறுகா ஒருக்காச் சொல்லு தம்பி” என்று கேட்டார். அவ்வாலிபன் மீண்டும் நடித்தான். கூட்டத்திலே உத்தியோகத்தர் ஒருவரும் இருந்தார். சிரிக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது, ஆனால் சிரித்தார். சிரித்து மகிழ மாட்டாதவர்க்குப் பட்டப் பகலும் இருளாகவே இருக்கும் என்று வள்ளுவர் பண்புடைமையில் சொன்னதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கிற்று. அந்த மனிதருக்கு அன்று ஒரு நாழிகையாவது பகல் வந்தது. அதைத் தடுக்க நான் யார்?

என் மேடையிலும் ஒருவன் பிறரைப் போல நடித்தான்; அங்கும் ஒருவன் பிறரைப் போல நடித்தான். ஒன்று ஒரு மனிதனின் வாயை அடைத்தது. மற்றது ஊமையாய் இருந்த ஒரு கூட்டத்தின் வாயைத் திறந்தது. வேறுபாடு எங்கே?

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டையும் எண்ணும்போது நகையையே முதலில் வைத்தார். அது பிறக்கும் இடங்கள் நான்கு என்றார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். ஒன்றை இகழ்வதாலும், பிள்ளைத்தன்மையாலும், அறிவின்மையாலும், கேட்டதை அப்படியே நம்பிவிடும் தன்மையாலும் சிரிப்பு வரும். இந்நான்கில் ஊனம் இல்லை என்பதைக் கவனியுங்கள். மேலும், நகை பிறரிடத்து மாத்திரமன்றித் தன்னிடத்தும் பிறக்கும் என்று உரைகாரர் விரித்தனர். தன்னைப் பார்த்துத் தான் சிரிப்பதும் நகைதான். அதுவே உயர்ந்த நகை என்பேன்.

நொண்டி நாடகம் என்று ஒரு வகை தமிழில் உண்டு. அதில் நொண்டி தன் கதையைத் தானே சொல்லுகிறான். களவு செய்ததையும், பிடிபட்டதையும், தண்டனையில் அவயவம் இழந்ததையும், பின்பு தெய்வ அருளால் நலம் பெற்றதையும் சொல்லுகிறான். சபை சிரிப்பது அவன் காலைப் பார்த்தன்று. அவன் களவைக் கேட்டு. சொல்லுபவனும் அவனே. பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நமது கூத்துகளை மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, 1962 இல் ‘கர்ணன் போர்’ வந்தது. அடுத்த ஆண்டில் ‘நொண்டி நாடகம்’ வந்தது. அழுகைக்கு அடுத்து நகை. நம் அண்ணாவிமார் காத்து வைத்த செல்வத்தில் இரண்டும் இருந்தன.

யாழ்ப்பாணத்துக் கலைஞர் கே. எஸ். பாலச்சந்திரன் (1944–2014) ‘அண்ணை றைற்’ என்று ஒரு தனி நடிப்புச் செய்தார். ஒரு பஸ் நடத்துனர். அவரும் பயணிகளும் படும் பாடு. எல்லாம் ஒரே ஆளின் வாயில். அதைக் கேட்டவர்கள் மறுநாள் பஸ்ஸில் ஏறும்போது, நடத்துனரையும் பார்த்துச் சிரித்தார்கள், தங்களையும் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவரும் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கவில்லை. தமிழகத்திலே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் ‘கிந்தனார்’ காலட்சேபத்தில் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவன் ஒருவன் படித்து உயர்ந்த கதையைச் சொன்னார். அதில் சிரிப்புக்கு ஆளானது அச்சிறுவன் அல்லன். அவனைத் தள்ளி வைத்த வழக்கம்.

இனி இளைஞர்களுக்கு. “இவ்வளவும் கைத்தொலைபேசியிலே பார்க்கலாமே, ஏன் போக வேண்டும்?” என்று உங்களில் சிலர் கேட்பது என் காதில் விழுகிறது. சொல்லுகிறேன். 1950களில் அமெரிக்காவில் சார்ள்ஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியியலாளர் ஒரு பெட்டி செய்தார். பலவகைச் சிரிப்புகளை ஒலிப்பதிவு செய்து அதில் வைத்திருந்தார். கட்டையை அழுத்தினால் சிரிப்பு வரும். தொலைக்காட்சி நாடகங்களில் சபை இல்லாத இடத்திலும் சபை சிரிப்பது போல அதனால் சேர்த்தார்கள். அப்பெட்டியில் எல்லாவகைச் சிரிப்பும் இருந்தது. ஒன்று மாத்திரம் இருக்கவில்லை: சிரியாமல் இருந்து பார்க்கும் ஒரு கிழவியின் முகம்.

உங்கள் கைத்தொலைபேசியும் அத்தகையதே. அதில் ஒருவன் எளியவனைக் கேலி செய்தால், நீங்கள் முகம் சுளித்தாலும் அவனுக்குத் தெரியாது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண் மாத்திரம் அவனுக்குப் போகும். முகம் சுளித்தவனும் அந்த எண்ணிலே ஒருவன். நேரில் போய் இருக்கும்போது உங்களிடம் ஒரு பலம் உண்டு. நல்ல பகிடிக்கு வாய்விட்டுச் சிரிப்பதும், கெட்ட பகிடிக்குச் சும்மா இருப்பதுமே அந்தப் பலம். கல்லெறிய வேண்டாம், கூச்சல் இட வேண்டாம். சிரியாமல் இருந்தாலே போதும். மேடையில் நின்றவன் என்ற முறையில் சொல்லுகிறேன், அதைவிடப் பெரிய தண்டனை அங்கே நிற்பவனுக்கு இல்லை. அதைவிட நல்ல குருவும் இல்லை. அன்று என் பெத்தா வீட்டில் இருந்திருந்தால், நான் அடுத்த திருவிழாவிலும் யாரையாவது தேடிப் பிடித்துத் திக்கியிருப்பேன்.

நட்பு என்பது கூடிச் சிரிப்பதற்கு மாத்திரமன்று, வரம்பு கடந்தால் முன்சென்று இடித்துரைப்பதற்கும் ஆகும் என்பது குறள் நெறி. மேடையில் இருப்பவனும் சபையும் அத்தகைய நண்பராக இருக்க வேண்டும். ஊர் வரம்பு கடந்தால் அவன் சிரிப்பால் இடித்துரைப்பான். அவன் வரம்பு கடந்தால் சபை மௌனத்தால் இடித்துரைக்கும்.

முடிவாக, செயற்குழுவுக்கு மூன்று விண்ணப்பங்கள்.

முதலாவது, நகைச்சுவை நிகழ்ச்சி நிரலில் இருக்கட்டும். பெரியோர் எழுந்து போகாமல் முன்வரிசையில் இருங்கள். நீங்கள் வீட்டுக்குப் போய்விட்டு, “இளைஞர் கெட்டுவிட்டார்கள்” என்று மறுநாள் சொல்வதில் பயன் இல்லை. பொருந்தியதற்கு உரக்கச் சிரியுங்கள். உங்களைப் பற்றிப் பகிடி வந்தால் இன்னும் உரக்கச் சிரியுங்கள்.

இரண்டாவது, கூத்திலே அரங்கேற்றத்துக்கு முன் ‘அடுக்குப் பார்த்தல்’ உண்டல்லவா? முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்க்கும் அவ்வழக்கத்தைப் பகிடிக்கும் வையுங்கள். அதைப் பார்க்க ஓர் அண்ணாவியாரையும் ஒரு தாயையும் அழையுங்கள்.

மூன்றாவது, மேடை ஏறும் தம்பிமாருக்கு. நீ கேலி செய்யும் ஆள் முன்வரிசையில் இருந்து சிரிக்க முடியுமா, உன் பின்னே மேடை ஏறிப் பதில் சொல்ல முடியுமா என்று உன்னையே கேட்டுப் பார். நம்பியாருக்கு முடிந்தது. எங்கள் விதானையாருக்கும் முடியும். எங்கள் தோணிக்காரருக்கு முடியாது. முடியும் என்றால் தயங்காதே. தலைவராயினும் சரி, இப்பொழுது பேசிக்கொண்டிருக்கும் இந்தக் கிழவனாயினும் சரி, துணிந்து செய்.

நான் முன்வரிசையில் பாய் விரித்துக் காத்திருப்பேன்.